கூலிக்குப் படம் போட்டவர்

வாரப் பத்திரிகையைப் பிரித்ததும் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? பொய் சொல்லக்கூடாது. படத்தைத்தான். அப்புறம் தலைப்பு. மனசு வந்தால்தான் கட்டுரை. எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு இது கொஞ்சம் சங்கடமான விஷயம். ஆனாலும் உண்மை.

அந்தப் படத்தின் மூலையில் பொடியாக ஒரு கையெழுத்து இருக்கும். அந்தக் கையெழுத்துக்குச் சொந்தக்காரர் பல சமயம் அந்தப் பத்திரிகையின் ஊழியராகவே இருக்கமாட்டார். மாசச் சம்பளம் இல்லை. பி.எஃப். இல்லை. தீபாவளி போனஸ் இல்லை. படம் ஒன்றுக்கு இவ்வளவு என்று பேச்சு. விலைவாசியா, ஜாதிக் கலவரமா, ஊழலா, மந்திரியின் வீராவேசமா, விஷயம் எதுவானாலும் சாயங்காலத்துக்குள் படம் வேண்டும் என்று போன் வரும். போட்டுக் கொடுக்கவேண்டும். அதற்கப்புறம் அடுத்த போன் வரும்வரை காத்திருக்கவேண்டும். ஃப்ரீலான்ஸ் என்று இங்கிலீஷில் சொன்னால் கௌரவமாக இருக்கிறது. பச்சையாகச் சொன்னால் கூலி வேலை.

இந்தக் கூலி வேலைக்காரர்களைப் பார்த்து ஒரு ராஜா மிரண்டுபோன கதை ஒன்று இருக்கிறது. பத்திரிகை எழுத்துக்கு இல்லாத முன் தணிக்கையைப் பத்திரிகைப் படத்துக்கு மட்டும் கொண்டுவருகிற அளவுக்கு மிரண்டுபோனார். இடம், பாரீஸ். காலம், 1830களில் தொடங்குகிறது. கதாநாயகன் பெயர் ஓனோரே தோமியே. வாழ்நாளில் கிட்டத்தட்ட நாலாயிரம் படங்களைப் பத்திரிகைகளுக்காகவே போட்டுக் கொடுத்தவர். அத்தனையும் படத்துக்கு இவ்வளவு கணக்குதான்.

கலை விமரிசகர்கள் அவரது கோடுகளைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். நான் காமர்ஸ் படித்தவன். எனக்குக் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால்தான் கதை புரியும். வாருங்கள், அந்த வழியாகவே போய்ப் பார்க்கலாம்.

*

1830 ஜூலை மாதம். பிரான்ஸில் பத்தாம் சார்லஸ் ராஜா. பத்திரிகைகளின் கழுத்தை நெரிக்க அவசர ஆணைகள் போட்டார். பத்திரிகைக்காரர்களும் அச்சுத் தொழிலாளிகளும் கொதித்தெழுந்தார்கள். பாரீஸ் தெருக்களில் மூன்றே நாள் சண்டை. ராஜா ஊரை விட்டே ஓடிப்போனார்.

அவருக்குப் பதிலாக வந்தவர் லூயி பிலிப். 'குடிமக்களின் அரசர்' என்று பெயர் வாங்கியவர். குடையைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நடப்பார். எதிரே வருகிறவர்களுக்குக் கை கொடுப்பார். பத்திரிகைக்காரர்கள் புண்ணியத்தில் சிம்மாசனம் கிடைத்தது அல்லவா? தணிக்கை என்பது இனி ஒருநாளும் திரும்பி வராது என்று புதிய அரசியல் சாசனத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்.

இந்த வாக்குறுதியை ஒருவர் அப்படியே நம்பினார். ஷார்ல் ஃபிலிப்போன். லியோன் நகரத்துக்காரர். தானே படம் போடத் தெரிந்தவர். அதைவிட முக்கியம், வியாபாரம் தெரிந்தவர். 1830 நவம்பரில் 'லா காரிகாத்தூர்' என்று ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார். முழுக்க முழுக்கக் கேலிப் படங்களை நம்பி நடத்திய பத்திரிகை. அவருடைய மைத்துனர் ஓபேர் ஒரு படக்கடை வைத்திருந்தார். பத்திரிகையில் வருகிற படம், கடைக் கண்ணாடியிலும் தொங்கும். காசு கொடுத்துப் பத்திரிகை வாங்க முடியாதவன், கடை வாசலில் நின்று ஓசியில் பார்த்துவிட்டுப் போவான். படிப்பு வராதவனும் பார்ப்பான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரப்போகிற வில்லங்கத்துக்கெல்லாம் இதுதான் வேர்.

இவ்வளவு படங்களை எப்படி அச்சடித்தார்கள்? அதற்கு ஒரு ஜெர்மன் காரணம். அலாய்ஸ் செனஃபெல்டர் என்று ஒரு நாடகக்காரர். தன் நாடகங்களைச் சல்லிசாக அச்சடிக்க வழி தேடி, 1790களின் கடைசியில் ஒரு வித்தையைக் கண்டுபிடித்தார். வழவழப்பான சுண்ணாம்புக் கல்லின் மேல் எண்ணெய்ப் பசையுள்ள பென்சிலால் வரையவேண்டும். கல்லைத் தண்ணீரால் நனைத்துவிட்டு மையை உருட்டினால், வரைந்த இடத்தில் மட்டும் மை ஒட்டும். மற்ற இடத்தில் தண்ணீர் அதை ஒட்டவிடாது. மேலே காகிதத்தை வைத்து அழுத்தினால் படம் ரெடி. லித்தோகிராஃப், நம் ஊரில் கல் அச்சு என்பார்கள்.

செப்புத் தகட்டில் செதுக்கிக்கொண்டிருந்தால் நாள் கணக்கில் ஆகும். கல்லில் அப்படி இல்லை. காகிதத்தில் வரைகிற மாதிரி சரசரவென்று போட்டுவிட்டுப் போகலாம். காலையில் சட்டசபையில் நடந்த கூத்து, சுடச்சுடப் படமாகிவிடும். பத்திரிகைக்கு அவசரமாகப் படம் போட்டுத் தருவது என்பதை ஒரு பிழைப்பாக ஆக்கியதே இந்தக் கல்தான்.

*

லூயி பிலிப்புக்கு ஒரு துரதிர்ஷ்டம். முகம். நெற்றி குறுகி, மேலே கொஞ்சம் முடி குவிந்து, கீழே கன்னங்கள் இரண்டு பக்கமும் உப்பியிருக்கும். ஃபிலிப்போனுக்கு அது பேரிக்காயாகத் தெரிந்தது. பிரெஞ்சில் பேரிக்காய் என்றால் அசடு என்றும் ஓர் அர்த்தம் உண்டு.

1831 நவம்பரில் வேறொரு படத்துக்காக, ராஜாவை அவமதித்தார் என்று ஃபிலிப்போன் மேல் வழக்கு. நீதிமன்றத்தில் அவர் வக்கீல் பாணியில் வாதாடவில்லை. ஒரு காகிதத்தை எடுத்து நாலு படம் வரைந்தார். முதல் படம் அச்சு அசல் ராஜா. இரண்டாவது கொஞ்சம் மாறியிருக்கிறது. மூன்றாவது இன்னும் கொஞ்சம். நாலாவது சாட்சாத் பேரிக்காய். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஜாடை ஒத்துப்போகிறது. ஜாடைக்காகத் தண்டிப்பதென்றால், நீதிபதி அவர்களே, பழக்கடையில் இருக்கிற பேரிக்காயையும் சேர்த்துத் தண்டிக்கவேண்டி வருமே? இதுதான் அவர் கேட்டதன் சாரம்.

கோர்ட் சிரித்திருக்கலாம். ஆனால் விடவில்லை. ஆறு மாத ஜெயில், 2,000 பிராங்க் அபராதம். அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. பாரீஸ் சுவர்களிலெல்லாம் பேரிக்காய் முளைத்தது. பையன்கள் கரித்துண்டால் கிறுக்கிவிட்டு ஓடினார்கள். ராஜா பெயரைச் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. ஒரு வளைவு போட்டாலே எல்லோருக்கும் புரிந்தது.

*

இந்தக் கூட்டத்தில் வந்து சேர்ந்தவர்தான் தோமியே. 1808-ல் மார்செய் நகரத்தில் பிறந்தவர். அப்பாவுக்குக் கண்ணாடி மாட்டுகிற, படத்துக்கு ஃப்ரேம் போடுகிற தொழில். ஆனால் ஆசை கவிஞராவது. அதற்காகவே குடும்பத்தைப் பாரீஸுக்கு இழுத்துக்கொண்டு வந்தார். கவிதை சோறு போடவில்லை. ஆகவே பையன் வேலைக்குப் போனான். முதலில் கோர்ட் அமீனா ஒருவரிடம் எடுபிடி. பிறகு ஒரு புத்தகக் கடையில் உதவியாள். ஜப்தி நோட்டீஸும் கறுப்பு அங்கி வக்கீல்களும் கடன்காரர்களின் அழுகையும் சின்ன வயசிலேயே பார்த்தாகிவிட்டது. பிற்காலத்தில் வக்கீல்களை வரிசையாக வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினாரே, அதற்கான சரக்கெல்லாம் அங்கே சேர்த்ததாகத்தான் இருக்கவேண்டும்.

1831 டிசம்பர். தோமியேவுக்கு 23 வயது. அப்போது நாட்டில் பெரிய பேச்சு, ராஜாவுக்கு வருஷச் செலவுக்கு எவ்வளவு கொடுப்பது என்பது. கடைசியில் 1832-ல் முடிவான தொகை, வருஷத்துக்கு ஒரு கோடியே 20 லட்சம் பிராங்க். ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டால் சுமார் 33,000. பாரீஸில் ஒரு தொழிலாளிக்குத் தினக்கூலி மூன்று, நான்கு பிராங்க் இருந்த காலம் அது.

தோமியே ஒரு படம் போட்டார். பேர் 'கர்கான்துவா'. பழைய பிரெஞ்சுக் கதை ஒன்றில் வருகிற தீனிப் பண்டார ராட்சசன். ராட்சசனுக்கு ராஜாவின் பேரிக்காய் முகம். வாயிலிருந்து தரை வரைக்கும் ஒரு சாய்வுப் பலகை. கீழே கந்தல் கட்டிய ஏழைகள் கூடையில் காசு கொட்டுகிறார்கள். ஆட்கள் அதைச் சுமந்து பலகை வழியாக ஏறி ராஜாவின் வாயில் கொட்டுகிறார்கள். ராஜா உட்கார்ந்திருப்பதோ சிம்மாசனம் மாதிரி செய்த கக்கூஸ். மேலே போன வரிப்பணம், கீழே பதவிகளாகவும் பட்டங்களாகவும் வந்து விழுகிறது. பொறுக்கிக்கொள்ள ஒரு கும்பல்.

ஒரு நாட்டின் பட்ஜெட்டை இதைவிடச் சுருக்கமாக யாரும் விளக்கியிருக்க முடியாது.

ஓபேர் கடைக் கண்ணாடியில் தொங்கிய படத்தைப் போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போனது. 1832 பிப்ரவரியில் வழக்கு. வரைந்தவர், அச்சடித்தவர், விற்றவர் மூவர் மேலும். தோமியேவுக்கு ஆறு மாத ஜெயில், 500 பிராங்க் அபராதம். தண்டனையை உடனே நிறைவேற்றவில்லை. பயந்து அடங்கிவிடுவான் பையன் என்று எதிர்பார்த்திருக்கலாம். பையன் அடங்கவில்லை. ஆகஸ்ட் கடைசியில் வீட்டிலிருந்து பிடித்துப் போய் சேந்த் பெலாஜி சிறையில் போட்டார்கள். கடைசி சில மாதங்கள் ஒரு மனநல விடுதியில் வைத்திருந்து, 1833 பிப்ரவரியில் விட்டார்கள். உள்ளே இருந்தபோதும் கை சும்மா இருக்கவில்லை. வரைந்துகொண்டேதான் இருந்தார்.

இப்போது கணக்குக்கு வருவோம். 500 பிராங்க் என்பது ஒரு தொழிலாளியின் நாலைந்து மாதக் கூலி. ஜெயிலில் இருக்கிற ஆறு மாதமும் வெளி வருமானம் கேள்விக்குறி. மாசச் சம்பளக்காரன் என்றால் திரும்பி வந்து சேர ஓர் ஆபீஸ் இருக்கும். படத்துக்கு இவ்வளவு என்று பிழைக்கிறவனுக்கு எது இருக்கும்?

தோமியேவுக்கு ஃபிலிப்போன் இருந்தார். அங்கேதான் அவருக்கு அதிர்ஷ்டம்.

*

ஃபிலிப்போன் சும்மா வீர வசனம் பேசுகிற ஆசாமி இல்லை. அபராதம் வரும், வந்துகொண்டே இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். எனவே அதையும் ஒரு செலவுத் தலைப்பாக எடுத்துக்கொண்டு, அதற்கு வரவு தேட ஆரம்பித்தார்.

1832 ஆகஸ்டில் ஒரு சங்கம் தொடங்கினார். மாதாந்திர லித்தோகிராஃப் சங்கம். மாதம் ஒரு பிராங்க் சந்தா. பதிலுக்கு மாதம் ஒரு பெரிய சைஸ் படம், நல்ல காகிதத்தில் அச்சடித்து வரும். சுவரில் மாட்டிக்கொள்ளலாம். சேர்கிற பணம், பத்திரிகை மேல் விழுகிற அபராதங்களைக் கட்ட. அதாவது, ராஜாவைக் கிண்டல் செய்த குற்றத்துக்கான தண்டத்தை, ராஜாவைக் கிண்டல் செய்கிற இன்னொரு படத்தை விற்றுக் கட்டுவது! அதே வருஷம் டிசம்பரில் 'லெ ஷாரிவாரி' என்று ஒரு தினசரியும் ஆரம்பித்தார். ஷாரிவாரி என்றால், ஊருக்குப் பிடிக்காத ஆள் வீட்டு வாசலில் போய்ச் சட்டி பானையைத் தட்டி மானத்தை வாங்குகிற பழைய வழக்கம். தினம் ஒரு புதுப் படம் என்பது அதன் விளம்பரம். 1834-ல் அந்தப் பத்திரிகைக்கு 6,000 பிராங்க் அபராதம் விழுந்தது. பழைய நாலு பேரிக்காய்ப் படத்தை மறுபடி அச்சடித்து, அபராதம் கட்டுவதற்காக விற்கப்படுகிறது என்று அதிலேயே போட்டு விற்றார்கள்.

இந்த மாதாந்திரச் சங்கத்துக்காகத் தோமியே போட்ட ஒரு படம், உலகத்தில் எந்தப் பத்திரிகைப் படத்துக்கும் கிடைக்காத இடத்தைப் பிடித்தது. அதில் சிரிப்பு இல்லை. பேரிக்காய் இல்லை.

1834 ஏப்ரல். சங்கம் சேருவதைக் கட்டுப்படுத்தும் புதுச் சட்டத்தை எதிர்த்து லியோனில் பட்டு நெசவாளர்கள் கிளர்ந்தார்கள். பாரீஸிலும் தெருவில் தடுப்பு அரண்கள் எழுந்தன. ஏப்ரல் 14 இரவு கழிந்து 15 விடிகிற நேரம். ட்ரான்ஸ்நோனேன் தெருவில் 12-ம் எண் வீட்டிலிருந்து யாரோ சுட்டதில் ஓர் அதிகாரி அடிபட்டார் என்று, சிப்பாய்கள் அந்த வீட்டுக்குள் புகுந்தார்கள். எதிர்ப்பட்டவர்களையெல்லாம் கொன்றார்கள். சுமார் ஒரு டஜன் பேர். படுக்கையிலிருந்து எழுந்து வந்த சாதாரணக் குடித்தனக்காரர்கள்.

தோமியே சிப்பாயை வரையவில்லை, துப்பாக்கியை வரையவில்லை. முடிந்த பிறகு அந்த அறை எப்படி இருக்கும் என்று மட்டும் வரைந்தார். கலைந்த படுக்கை. அதில் சாய்ந்தபடி தரையில் விழுந்து கிடக்கிற ஒரு மனிதன், இரவுச் சட்டையோடு. அவன் உடம்புக்கு அடியில் சிக்கிச் செத்துப்போன ஒரு குழந்தை. இருட்டில் ஒரு பெண்ணின் உடல். ஓரத்தில் ஒரு கிழவரின் தலை. கவிழ்ந்த நாற்காலி. கீழே தலைப்பாக வெறும் தெருப் பெயரும் தேதியும்.

ஓபேர் கடை வாசலில் கூட்டம் கூடியது. யாரும் சிரிக்கவில்லை. போலீஸ் வந்தது. மிச்சமிருந்த பிரதிகளையும் மூலக் கல்லையும் பறிமுதல் செய்தது. சங்கத்தின் 24-வது படம் அது. கடைசிப் படமும் அதுதான். இன்றைக்குப் பாரீஸில் அந்தத் தெருப் பெயரே கிடையாது. 1851-ல் பக்கத்துத் தெருவோடு சேர்த்துவிட்டார்கள். ஆனால் படம் இருக்கிறது. தெருவின் பெயரும் படத்தோடு சேர்ந்து பிழைத்துவிட்டது.

*

1835 ஜூலை 28. லூயி பிலிப் பரிவாரத்தோடு வீதியில் போகிறபோது, ஃபியஸ்கி என்பவன் ஒரு மாடி ஜன்னலில் 25 துப்பாக்கிக் குழல்களை ஒன்றாகக் கட்டி வைத்துச் சுட்டான். 18 பேர் செத்தார்கள். ராஜா தப்பித்தார். அரசாங்கத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது. செப்டம்பரில் புதுச் சட்டங்கள்.

அதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, எந்தப் படமானாலும் அச்சடித்து வெளியிடுவதற்கு முன்பே அரசு அனுமதி வாங்கவேண்டும். அப்படியானால் தணிக்கை திரும்பி வராது என்ற வாக்குறுதி என்னவாயிற்று? அரசாங்கம் அருமையாக விளக்கம் சொன்னது. சாசனம் பாதுகாப்பது கருத்தைத்தான். எழுத்து என்பது கருத்து. படம் என்பது செயல். அது நேரே கண்ணோடு பேசி ஆளைக் கிளப்பிவிடுகிறது. ஆகவே அதற்குப் பாதுகாப்பு கிடையாது!

கேட்கச் சிரிப்பாக இருக்கிறதா? ஆனால் அவர்கள் அசடர்கள் இல்லை. தலையங்கத்தைப் படிக்க எழுத்து தெரியவேண்டும், பத்திரிகை வாங்கக் காசு வேண்டும். இரண்டும் உள்ளவன் பெரும்பாலும் சொத்து உள்ளவன், கலகத்துக்கு வரமாட்டான். கடை வாசலில் நின்று ஓசியில் படம் பார்க்கிறானே, அவனைத்தான் அரசாங்கம் நினைத்துப் பயந்தது.

இரண்டாவது விஷயம்தான் என் கண்ணில் முதலில் பட்டது. பத்திரிகை நடத்துகிறவர் அரசிடம் முன்கூட்டியே கட்டிவைக்க வேண்டிய டெபாசிட். பாரீஸ் தினசரிகளுக்கு அதை ஒரு லட்சம் பிராங்காக ஏற்றினார்கள். அபராதம் விழுந்தால் அதிலிருந்து கழித்துக்கொள்வார்கள். ஒரு லட்சம் என்றால் எவ்வளவு? தினம் நாலு பிராங்க் சம்பாதிக்கிற தொழிலாளி, பைசா செலவழிக்காமல் அறுபத்தெட்டு வருஷத்துக்கு மேல் சேர்க்கவேண்டும். ஏழையின் பத்திரிகையைத் தடை செய்கிறேன் என்று ஒரு வரி எழுதவில்லை. டெபாசிட் தொகையில் ஒரு பூஜ்யத்தைச் சேர்த்தால் போதுமே!

'லா காரிகாத்தூர்' மூடப்பட்டது. 'ஷாரிவாரி' மட்டும் நடந்தது, அரசியல் படம் இல்லாமல்.

*

அரசியல் போடக்கூடாது. ஆனால் அடுப்பு எரியவேண்டும். தோமியே என்ன செய்தார் தெரியுமா? ராஜாவை விட்டுவிட்டு, ராஜாவின் ஆட்சியில் கொழுத்தவர்களைப் பிடித்துக்கொண்டார்.

ரொபேர் மக்கேர் என்று ஒரு பாத்திரம். நாடக மேடையில் ஏற்கெனவே பிரபலமாக இருந்த எத்தன். 1836 முதல் 1838 வரை அவனை வைத்து நூறு படம் போட்டார் தோமியே. வாசகம் ஃபிலிப்போன். மக்கேர் ஒரு படத்தில் பேங்க் ஆரம்பிப்பான். இன்னொன்றில் கம்பெனி பங்கு விற்பான். வக்கீலாக வருவான், டாக்டராக வருவான், பத்திரிகை முதலாளியாகவும் வருவான். பக்கத்தில் கூஜா தூக்க ஒரு சிஷ்யன். ஒரு படத்தில் சிஷ்யனுக்குப் போலீஸ் பயம் வந்துவிடும். மக்கேர் அவனைத் தேற்றுவான், கோடீஸ்வரனை எவனாவது கைது செய்வானா என்று.

1990களில் நம் ஊரில் தேக்கு மரக் கம்பெனிகளிலும் பைனான்ஸ் கம்பெனிகளிலும் பணம் போட்டவர்கள் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், மக்கேரை அவர்களுக்கு அறிமுகப்படுத்தவேண்டிய அவசியம் இருக்காது.

அப்புறம் வக்கீல்கள். வீட்டுக்காரர்கள். வாடகை தர முடியாதவர்கள். ரயிலில் மூன்றாம் வகுப்பில் போகிறவர்கள். சட்டப்படி இதெல்லாம் அரசியல் இல்லை. படித்தவர்களுக்கு எல்லாம் அரசியலாகத் தெரிந்தது. பிற்காலத்தில் சமூகச் சித்திரம் என்று பெயர் பெற்ற ஒரு முழுத் துறை, இப்படி ஒரு தடைச் சட்டத்தைச் சுற்றிக்கொண்டு போன வழியில் வளர்ந்தது.

1848-ல் மறுபடி புரட்சி வந்து லூயி பிலிப் இங்கிலாந்துக்கு ஓடினார். தணிக்கை போயிற்று. தோமியே மறுபடி அரசியல் போட்டார். ஆனால் 1851 டிசம்பரில் லூயி நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றி, அடுத்த பிப்ரவரியிலேயே படத்துக்கு முன் அனுமதியைத் திரும்பக் கொண்டுவந்தார். ஆட்சி மாறலாம். படம் போடுகிறவன் மேலிருக்கிற பயம் மட்டும் மாறவில்லை.

*

இப்போது சொல்லப்போவதுதான், இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுகிற இடம்.

1860. தோமியேவுக்கு 52 வயது. கிட்டத்தட்ட முப்பது வருஷமாகத் தினசரிக் கெடுவுக்கு ஓடிக்கொண்டிருப்பவர். 'ஷாரிவாரி' அவரிடம் படம் வாங்குவதை நிறுத்திவிட்டது. வழக்கு இல்லை. போலீஸ் இல்லை. ஜெயில் இல்லை. சந்தாதாரர்களுக்குச் சலித்துவிட்டது, அவ்வளவுதான். ஃபிலிப்போன் அந்தப் பத்திரிகையை விட்டுப் போய் வெகு காலமாகியிருந்தது.

ஒரு ராஜா சட்டம் போட்டும் ஜெயிலில் தள்ளியும் செய்ய முடியாததை, ஒரு பத்திரிகை ஆபீஸ் ஓசைப்படாமல் செய்து முடித்துவிட்டது. வேலையை விட்டு நீக்கினார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. வேலையில் இருந்தால்தானே நீக்குவதற்கு! அடுத்த படம் கேட்கவில்லை. அவ்வளவே. நோட்டீஸ் இல்லை, நஷ்ட ஈடு இல்லை. தோமியே வீட்டுச் சாமான்களை விற்றார். ஆசைப்பட்ட எண்ணெய் வண்ண ஓவியங்களை வரைந்துகொண்டு மூன்று வருஷத்தை ஓட்டினார். 1863 கடைசியில் மறுபடி கூப்பிட்டார்கள். நண்பர்கள் சந்தோஷப்பட்டு விருந்து வைத்தார்கள்.

ஆனால் கண் கெட்டுக்கொண்டிருந்தது. படம் போட்டுப் பிழைக்கிறவனுக்கு மூலதனம் என்று இருப்பது இரண்டு கண்ணும் ஒரு கையும். தேய்மானம் கழிக்கிற கணக்கெல்லாம் யாரும் அதற்குப் போடுவதில்லை. பாரீஸுக்கு வெளியே வால்மோந்துவா கிராமத்தில் ஒரு சின்ன வீட்டில் வாடகைக்கு இருந்தார். வாடகை தருவதே கஷ்டம் என்கிற நிலையில், அந்த வீட்டை நண்பரும் பெரிய ஓவியருமான கோரோ அவருக்காக வாங்கிக் கொடுத்தார் என்று சொல்வார்கள். 1872-க்குப் பிறகு பத்திரிகைப் படங்கள் நின்றுபோயின.

இதற்கு நடுவே 1870-ல் அரசாங்கம் லெஜியன் ஆஃப் ஹானர் விருது கொடுக்க முன்வந்தது. சத்தமில்லாமல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பட்டங்கள் எங்கிருந்து வந்து விழுகின்றன என்று 23 வயசிலேயே படம் போட்டவர் அல்லவா!

1878-ல் நண்பர்கள் அவரது வண்ண ஓவியங்களைக் கண்காட்சியாக வைத்தார்கள். விக்தர் ஹ்யூகோ கௌரவத் தலைவர். பார்த்தவர்கள் பாராட்டினார்கள். வரவைவிடச் செலவு அதிகம். அடுத்த வருஷம் பிப்ரவரியில் தோமியே காலமானார்.

அவர் போய் இரண்டு வருஷம் கழித்து, 1881 ஜூலை 29 அன்று, பிரான்ஸில் புதிய பத்திரிகைச் சட்டம் வந்தது. பத்திரிகைக்கு முன் அனுமதி வேண்டாம். டெபாசிட் வேண்டாம். படத்துக்கும் சேர்த்துத்தான்.

*

இத்தனையும் யாரோ ஒரு வெள்ளைக்காரன் கதை என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு வந்தால் நம் வாசலுக்கே வந்துவிடும்.

1841-ல் லண்டனில் 'பஞ்ச்' பத்திரிகை தொடங்கியபோது, தன் தலைப்புக்குக் கீழேயே 'லண்டன் ஷாரிவாரி' என்று போட்டுக்கொண்டது. ஃபிலிப்போனின் கடைதான் அதற்கு முன்மாதிரி. 'பஞ்ச்' இந்தியாவுக்கு வந்தது. 1877-ல் லக்னோவில் 'அவத் பஞ்ச்' உருதுவில் வெளியாயிற்று. பல ஊர்களில் பல பஞ்ச். கேலிச் சித்திரம் என்பது இந்தியப் பத்திரிகைகளுக்குப் பழக்கமாயிற்று. 1906-ல் சென்னையில் தொடங்கிய 'இந்தியா' வார இதழில், பாரதியார் அரசியல் கார்ட்டூனைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். யோசனை அவருடையது. வரைந்தது ஓவியர்கள்.

1908-ல் 'இந்தியா' மேல் ராஜத்துரோக வழக்கு. சட்டப்படி ஆசிரியராகப் பதிவாகியிருந்த எம். சீனிவாசன் ஜெயிலுக்குப் போனார். பாரதி புதுச்சேரிக்குப் போனார். அது பிரெஞ்சு மண். அக்டோபரில் 'இந்தியா' அங்கிருந்து மறுபடி வந்தது, கார்ட்டூனோடு. கூப்பிடு தூரத்தில் பிரிட்டிஷ் போலீஸ் நின்றுகொண்டிருந்தது. உள்ளே வந்து கை வைக்க முடியவில்லை.

பிறகு எப்படி நின்றது 'இந்தியா'? பிரிட்டிஷார் யாரையும் புதுச்சேரியில் கைது செய்யவில்லை. பத்திரிகை பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் வரக்கூடாது என்று தடை போட்டார்கள். படிக்கிறவர்கள் எல்லோரும் எல்லைக்கு இந்தப் பக்கம். தபால் நின்றால் சந்தா நிற்கும். சந்தா நின்றால் காகிதம் இல்லை, அச்சுக்கூலி இல்லை, படக்கூலி இல்லை. 1910 மார்ச்சில் 'இந்தியா' நின்றுபோயிற்று. பாரீஸ் ராஜா 75 வருஷத்துக்கு முன்னால் டெபாசிட்டில் செய்ததை இவர்கள் தபாலில் செய்தார்கள்.

தோமியே தைரியசாலி. சந்தேகமே இல்லை. ஆனால் படத்துக்கு இவ்வளவு என்று வாங்கிப் பிழைக்கிற ஒருவர் எவ்வளவு நாள் தைரியமாக இருக்க முடியும் என்பது, அவர் கையில் மட்டும் இருக்கிற விஷயம் அல்ல. அபராதத்தைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ள ஒரு ஃபிலிப்போன் வேண்டியிருந்தது. அந்த ஃபிலிப்போனுக்குப் பின்னால், மாதம் ஒரு பிராங்க் கொடுத்துவிட்டு, படத்தை வாங்கிச் சுவரில் மாட்டியவர்கள் வேண்டியிருந்தது. ட்ரான்ஸ்நோனேன் தெருவில் செத்தவர்களை இன்றைக்கும் உலகம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்றால், அதற்குக் கூலி கொடுத்தது அந்த ஒரு பிராங்க்தான். கொடுத்தவர்களின் பெயர் எந்தப் படத்தின் மூலையிலும் கிடையாது.